பாதையின் ஹக்கை உண்டவர் யார்?

வாகன விபத்தில் ஓர் இளைஞர் மாண்டுவிட்டால், மையித்தை எடுப்பதற்கு முன்பே நம் வீடுகளில் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. “நஸீபு அவ்வளவுதான், அஜல் வந்துவிட்டது.” பெற்றவளின் நெஞ்சை ஆற்ற வந்தவர் சொல்லும் சொல் என்ற அளவில் அதனை மறுக்க எவருக்கும் மனம் வராது. ஆனால் அச்சொல் ஆறுதலாக மட்டும் நிற்பதில்லை. கபுறடியிலிருந்து திரும்பும் வழியில் அது சட்டமாகிவிடுகிறது. குழி எவ்வாறு உண்டாயிற்று, எத்தனை மாதம் திறந்து கிடந்தது, அதனை மூடவேண்டிய பணம் எங்கே சென்றது என்று எவரும் கேளாதபடி வாயைக் கட்டிவிடுகிறது. கத்ரின் மீது ஈமான் கொள்வது நம் கடமை. நெடுஞ்சாலைக் கணக்கைக் கத்ரின் தலையில் எழுதுவது யாருடைய கடமை?

ஷாம் நாட்டுப் பயணத்தில் ஸர்க் என்னுமிடத்தை அடைந்த உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியுள்ளது எனக் கேட்டுத் தம் கூட்டத்தைத் திருப்ப முடிவு செய்தார்கள். இறைவிதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) போன்ற பெருமகனாரே வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடையிறுத்ததைப் புகாரியிலும் முஸ்லிமிலும் ஓதுகிறோம். ஓதிக் கொடுக்கவும் செய்கிறோம். குழியருகே வந்ததும் மறந்துவிடுகிறோம்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதிலும் மாண்டவருள் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். தலைக்கவசம் அணியுங்கள் என்று இப்போது மிம்பரிலும் சொல்கிறோம். சொல்லட்டும், உயிரைக் காப்பது வாஜிபுதான். ஆனால் நடந்து சென்று மாண்ட முப்பத்திரண்டாயிரம் பேருக்கு எந்தக் கவசத்தைப் பரிந்துரைப்பது? அவர்களுக்கு வேண்டியிருந்தது நடைபாதை, விளக்கு, பாதையைக் கடக்க ஓரிடம். இம்மூன்றும் பணத்தால் ஆகின்றவை. உபதேசத்தால் ஆகின்றவை அல்ல.

“அரசிடம் பணமில்லை” என்பது அடுத்த விடை. இதனை ஏற்க இயலாது. பாதைக்கென்றே பெட்ரோலில் தனி வரி பிடிக்கும் வழக்கம் இந்நாட்டில் 1929-இலிருந்து உண்டு. 1927-இல் அமைந்த ஜெயகர் குழுவின் பரிந்துரையால் வந்தது அது. 2000-இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2018-இல் அந்நிதியின் பெயரோடு ‘உள்கட்டமைப்பு’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். பெயர் நீண்டதும் வாசலும் அகன்றது. மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு எனப் பல துறைகள் அதே குடத்தில் கைவிடும் உரிமை பெற்றன. அத்துறைகளெல்லாம் வேண்டியவையே. ஆயினும் பெட்ரோல் போடுகிறவரிடம் பாதையின் பெயரைச் சொல்லி வாங்கிய காசு அது.

2018-19-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்காயர், செஸ் முதலான 35 இனங்களில் அரசுக்கு வந்தது 2,74,592 கோடி ரூபாய் என்றும், உரிய நிதிகளுக்கு மாற்றப்பட்டது 1,64,322 கோடியே என்றும் எழுதினார். பாதை வரியும் அவ்வினங்களுள் ஒன்று. நம்மவர்க்கு இது விளங்க நெடும் விளக்கம் வேண்டியதில்லை. பள்ளிவாசல் விளக்கெண்ணெய்க்கென்று வக்ஃபு செய்த தென்னந்தோப்பின் வருமானத்தில் முதவல்லி மினாராவுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் மஹல்லா கொதித்தெழுகிறது. வாகிஃபின் நிபந்தனையை நஸ்ஸுக்கு நிகராக மதிக்கும் ஃபிக்ஹு நம்முடையது. வரி வக்ஃபு அல்ல என்பதை அறிவேன். அமானத் அல்லவென்று எந்த ஆலிமாவது ஃபத்வா தருவாரா?

இருக்கும் பணமும் புதிய பாதைக்கே ஓடுகிறது. புதிய பாலத்தை நாடா வெட்டித் திறக்கலாம். கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். பழைய பாதையின் குழியை மூடுவதற்கு எந்த அமைச்சர் மாலையோடு வருவார்? ஆண்டு வரவில் பத்து விழுக்காட்டையேனும் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் என்று 2018-இல் நிதி ஆயோக்கே எழுதியது. வளர்ந்த நாடுகளில் இது நாற்பது, ஐம்பது விழுக்காடு என்றும் அது சுட்டியது. 2023-24-இல் மத்தியச் சாலை அமைச்சகத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 2,70,000 கோடி ரூபாய். நெடுஞ்சாலைப் பராமரிப்புக்குக் கிடைத்த பங்கோ ஒரு விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஊரகச் சாலைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் ஒப்பந்தக்காரர் ஐந்தாண்டு பராமரிக்கவேண்டும். ஆறாம் ஆண்டு முதல் அது மாநிலத்தின் சுமை. அதன்பின் அச்சாலை மழைக்கும் மணல் லாரிக்கும் சொந்தம்.

ஹனஃபி மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில், கராஜ் முதலிய பொதுவருவாயைச் செலவிடும் துறைகளைக் கூறும்போது, எல்லைகளைக் காப்பதும் பாலங்கள் கட்டுவதும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. ஓதும் காலத்தில் இது வியப்பாகத் தோன்றும். வாளேந்தும் எல்லை எங்கே, கல்லும் சுண்ணாம்புமான பாலம் எங்கே? 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வியப்பைத் தீர்த்துவைத்தது. 2013 முதல் 2017 வரை சாலைக் குழிகளால் மட்டும் மாண்டவர் 14,926 பேர் எனக் கண்டு, எல்லையில் மாண்டவரினும் இத்தொகை மிகுதியாக இருக்கக்கூடும் என்று நீதிபதிகள் கூறினர். அவ்வழக்கைத் தொடுத்தவர் நம் கோயம்புத்தூரின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். முறிந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்து, 2012-இல் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் அவர். அந்த வேலையை ஓர் ஜமாஅத் செய்திருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதே ஹிதாயாவில், மனிதர் பாதையில் உண்டாக்கும் இடையூறுகளைப் பற்றித் தனி பாபே இருக்கிறது. பொதுப்பாதையில் கிணறு தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தியத் உண்டு. கால்நடை விழுந்தாலும் ஈடு உண்டு. ஆட்சியாளரின் அனுமதியோடு தோண்டியவர்மீது பொறுப்பில்லை என்பதும் அங்கேயே இருக்கிறது. குழாய் பதிக்கத் தோண்டும் ஒப்பந்தக்காரர் இவ்வரியைக் காட்டித் தப்ப நினைக்கலாம். அனுமதி தோண்டுவதற்கா, திறந்தபடி விட்டுச் செல்வதற்கா?

நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தலைக்கவசம் இல்லாத கூலித் தொழிலாளி ஆயிரம் ரூபாய் கட்டவேண்டும். பாதையைத் தரமின்றி அமைத்தோ பராமரியாமல் விட்டோ உயிரிழப்புக்குக் காரணமான ஒப்பந்தக்காரருக்கும் அதிகாரிக்கும் அதே சட்டத்தின் 198-ஏ பிரிவில் தண்டம் உண்டு. உச்ச அளவு ஓர் இலட்சம் ரூபாய். முன்னவரின் தண்டம் இரண்டு மூன்று நாள் கூலி. பின்னவருக்கு அத்தொகை என்ன?

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நம் மேடைகளில் ஓயாது கேட்கும் செய்தி ஒன்றுண்டு. இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறினாலும், பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று நான் கேட்கப்படுவேன் என அவர்கள் அஞ்சியதாகச் சொல்வார்கள். ஏடுகளில் தேடினால், இப்னு ஸஅதின் நூலில் ஃபுராத் கரையில் மாண்ட ஒட்டகமாகவும் அபூநுஐமின் நூலில் ஆடாகவும் வருகிறது. மேடைப் பேச்சாளர் விலங்கை மாற்றிவிட்டார் என்று குறைகூற நான் வரவில்லை. விலங்கு எதுவாயினும், கேட்கப்படுபவர் ஆட்சியாளர் என்பதில் வேறுபாடில்லை. நாமோ ஆட்சியாளரை விட்டுவிட்டு, இடறியவனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் மஹல்லாக்களின் நடப்பையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. வலீமாப் பந்தலுக்குத் தார்ச்சாலையைத் துளைத்துக் கால் நடுகிறோம். பந்தலைப் பிரித்தபின் துளையை மூடுவதில்லை. பள்ளிவாசல் முன்னால் நாமே கலவை கொட்டி, வண்ணமும் பூசாமல் வேகத்தடை எழுப்புகிறோம். இரவில் வரும் அந்நியன் அதில் தூக்கியெறியப்படுகிறான். முள்கிளையை அகற்றியவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை ஓதிவிட்டு வெளியே வந்து, ஜும்ஆ நாளில் பாதையை அடைத்து வண்டிகளை நிறுத்துகிறோம். இடையூறு தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. அதனை நாட்டிவைப்பது எதன் கிளை என்று நிர்வாகிகள் யோசிக்கட்டும்.

ஆனால் பந்தல்கால் துளையைக் காட்டிக் கோடிகளின் கணக்கை மறைத்துவிடக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சாலைக்கு மூன்றாண்டுகளில் பராமரிப்புக்கென வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், அவர் பொறுப்பு எந்நாள்வரை என்று நான்கு கேள்விகள் போதும். ஜமாஅத்தின் முத்திரை வேண்டாம். குடிமகன் ஒருவரின் கையொப்பமும் பத்து ரூபாய்க் கட்டணமும் போதும். முப்பது நாளுக்குள் விடையளிக்க வேண்டும் என்பது சட்டம்.