பாட்டி பெயரில் ஒரு ஆல்பம்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் சாலையில், கேரள எல்லைக்கு முன்னால் வரும் ஊர் புளியறை. வயலும் மலையும் சோதனைச் சாவடியுமாக இருக்கும் ஊர். 1956 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. கார், பிசானம் என்று இரண்டு போக நெல் பார்த்த மண். நடவுக்கு இறங்கும் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்று பாடிய பாட்டுகள் எத்தனையோ. அவற்றில் ஒன்றுக்காவது கட்டியவர் பெயர் தெரியுமா? தெரியாது. ரேடியோவில் வந்தால் 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

ராப் பாடகர் அறிவு 2024-ல் வெளியிட்ட 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தை இப்படிப்பட்ட ஒரு ஊரில் வைத்துக் கேட்டால், அந்தத் தலைப்பின் அருமை புரியும். வள்ளியம்மா அவருடைய பாட்டி. பேண்டில் பாடிப் பெயர் வாங்கிய ஒருவர், தனியாக ஆல்பம் போட வரும்போது அட்டையில் பாட்டி பெயரை வைத்திருக்கிறார்.

அறிவு அரக்கோணத்துக்காரர். 2017-ல் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவைத் தொடங்கினார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. ராக் கிதாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் இன்னொரு பக்கம், கானாவும் ராப்பும் நடுவில். சாதியற்றவர்கள் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து எடுத்த பெயர் அது. அந்தக் கூட்டத்தில் வேகமாக வார்த்தைகளை அடுக்கி நின்ற இளைஞர்தான் அறிவு. மறுவருடமே 'ஆஃப்ரோ' என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் வந்தது.

குழுவில் இருப்பது ஒரு பலம். பாட்டு எல்லோருடையதும், திட்டு வந்தாலும் எல்லோரும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் யாருடைய பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழுந்தால் சிக்கல்தான். அது குழுவுக்கு வெளியே, வேறொரு பாட்டில் அவருக்கு வந்தது.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளியானது. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு, தீயும் அறிவும் பாடியது. கல்யாண மண்டபம் முதல் பஸ் வரை அது ஒலிக்காத இடமில்லை. அதே வருடம் ஆகஸ்டில் ஒரு பிரபல இசைப் பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், இன்னொரு பாடகர் இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பின்னர் அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது. 2022-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமலே பாடப்பட்டது. பாட்டைக் கட்டியதும் எழுதியதும் தானே என்று அறிவு எழுதினார். அறிவின் பங்கைத் தாங்கள் மறைத்ததே இல்லை, பாட்டு மூவரின் உழைப்பு என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

சட்டத்தில் ஒரு பாட்டு ஒரே சொத்து இல்லை. வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, பதிவான ஒலிக்கு ஓர் உரிமை. மூன்றும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கலாம். எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கு வரவேண்டிய உரிமைத்தொகையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி, 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம். ஆனால் வயலில் கேட்ட சொல்லும், மடியில் படுத்துக் கேட்ட கதையும் எந்தக் கணக்கில் வரும்? அதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது.

அந்தப் பாட்டின் வேரே ஒரு பாட்டிதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பிய தலைமுறை அவருடையது. 'என் சாமி' என்பது பேரப்பிள்ளையைக் கொஞ்சும் சொல். அதே சொல்லைப் பண்ணையாரிடம் கைகட்டிச் சொல்ல வேண்டியிருந்த காலமும் இருந்தது.

புளியறைக்கு இது தூரத்துக் கதை இல்லை. சோதனைச் சாவடியைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போனால் புனலூர். அந்தச் சுற்றுவட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் குடியமர்த்தினார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது 5,25,000 பேரை. தேயிலை பறித்த கை ரப்பர் மரம் சீவப் பழகியது. ஒப்பந்தத்தில் தலைவர்கள் இருவரின் பெயர் நின்றுவிட்டது. வந்தவர்கள் பெயர் பதிவேட்டோடு போயிற்று. அவர்கள் பாடியதும் அப்படியே.

பேண்டை விட்டு வந்து தனி ஆல்பம் போடுவது உலகத்தில் புதிதல்ல. இங்கிலாந்தின் பீட்டர் கேப்ரியல் 1975-ல் 'ஜெனிசிஸ்' குழுவை விட்டார். 1977-ல் முதல் தனி ஆல்பம். அதற்கு 'பீட்டர் கேப்ரியல்' என்றே பெயர் வைத்தார். அடுத்த மூன்றுக்கும் அதே பெயர்தான். குழுவின் பெயருக்குள் இருந்தவர் தன் பெயரை ஊருக்குச் சொல்ல ஆசைப்படுவது இயல்பு. அறிவுக்கு அந்த அவசியம் இன்னும் அதிகமாகவே இருந்தது. பெயர் விடுபட்ட வருத்தத்தைப் பட்டவர் அவர். அட்டை முழுக்கத் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 'நான் இன்னாருடைய பேரன்' என்றார்.

அந்தத் தலைப்பில் பாசம் மட்டும் இல்லை, ஒரு கணக்கும் இருக்கிறது. 'இது எனக்கு எங்கிருந்து வந்தது' என்று முதல் வரியிலேயே அறிவு சொல்லிவிடுகிறார். தன்னை விட்டுவிட்டார்கள் என்று கேட்டவர், தான் யாரையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். தனியாக வந்தபோதும் அவர் ஒற்றை ஆளாக நிற்கவில்லை. 'அம்பாசா' என்று தனக்கொரு பேண்ட் அமைத்துக்கொண்டார்.

'என்ஜாய் எஞ்சாமி' பரவிய அளவுக்கு இந்த ஆல்பம் பரவவில்லை. பெரிய வெற்றிக்குப் பின் வரும் எதற்கும் அந்தக் கஷ்டம் உண்டு. ஆனால் இதில் ஒரு வசதி இருக்கிறது. இந்த ஆல்பம் யாருடையது என்று இனி யாரும் சண்டை போட முடியாது. தலைப்பே பதில் சொல்லிவிடும்.

தென்காசிப் பக்கத்து வீடுகளில் இன்னும் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த ஆச்சிமார் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. ஆச்சி பாடுவதைப் பதிவு செய்கிறவர்கள் ஒரு காரியத்தை மறக்காமல் செய்ய வேண்டும். பாட்டைத் தொடங்கும் முன், ஆச்சியின் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்ல வேண்டும்.