பின்னிருக்கைப் பயணியின் கையில் என்ன இருக்கிறது?

மாசாய், ஸ்கூடாய், உலு திராம் வட்டாரங்களில் விடிவதற்கு முன்பே இ-ஹெய்லிங் கார்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், பாசிர் கூடாங்கில் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவர்கள், சுல்தானா அமினா மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள் என்று ஜொகூர் பாருவில் கிராப் போன்ற சேவைகளை நம்பியிருப்போர் ஏராளம். அப்படிப்பட்ட கார் ஒன்று விபத்தில் சிக்கினால், பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டம் இழப்பீட்டு உரிமை தந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதற்கான விவரங்கள்தாம் அவர் கையில் இருப்பதில்லை. அந்த விவரங்களை அவரிடம் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பை நிறுவனங்கள்மீது சட்டமே சுமத்த வேண்டும்.

மோதல் நடந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு ஓட்டுநர்களும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள், தொலைபேசி எண்களைக் குறித்துக்கொள்கிறார்கள். யாரும் கூப்பிடாமலேயே இழுவை லாரி வந்து நிற்கிறது. பயணியோ கழுத்தைப் பிடித்தபடி சாலை ஓரத்தில் நிற்கிறார். "ஒன்னும் இல்லையே?" என்று கேட்டால், "இல்லை" என்கிறார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வேறொரு காரை அழைத்துப் போய்விடுகிறார். கழுத்து நரம்பு இழுத்துக்கொள்வதும் முதுகு பிடித்துக்கொள்வதும் பல பேருக்கு மறுநாள்தான் தெரியும். அதற்குள், அவர் அந்தக் காரில் இருந்தார் என்பதற்கே சாட்சி இல்லாமல் போயிருக்கும்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, விபத்து நடந்த 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டியவர் ஓட்டுநர். பயணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் ஓட்டுநரின் புகாரில் பயணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். "போலீசுக்குப் போகவேண்டாம், நாமே செட்டல் பண்ணிக்கலாம்" என்று இரு ஓட்டுநர்களும் பேசி முடித்துவிடவும் கூடும். ஆகவே பயணி தாமே போய்ப் புகார் செய்ய வேண்டும். எந்த எண் காரில், எந்த இருக்கையில் இருந்தார், உடம்பில் எங்கெங்கே வலிக்கிறது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். புகார் மலாயில் பதிவாகும். நம் பெரியவர்கள் பலர் அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். கூட ஒருவரை அழைத்துப் போய், வாசித்துக் காட்டச் சொல்லிய பிறகே கையெழுத்திடுங்கள். அன்றைக்கே மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும்.

பயணப் பதிவு இன்னொரு சிக்கல். மகள் தன் போனில் காரை அழைத்து அம்மாவை ஏற்றிவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். ரசீது மகள் பெயரில், காயம் அம்மாவுக்கு. காரில் இருந்தது அம்மாதான் என்று நிரூபிக்க வேண்டிய சுமை குடும்பத்தின் தலையில் விழுகிறது. பயணத் திரையை உடனே படம் பிடித்து வைப்பதும், செயலி வழியே நிறுவனத்திற்கு எழுத்தில் தெரிவிப்பதும் இதற்குக் கைகொடுக்கும்.

2018 ஜூலை 12இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தங்கள் இ-ஹெய்லிங் தொழிலை ஒழுங்குக்குக் கொண்டுவந்தன. ஓட்டுநருக்குப் பி.எஸ்.வி. எனும் பொதுச்சேவை வாகன உரிமம், மூன்று வயதைக் கடந்த வண்டிக்குப் புஸ்பாகோம் பரிசோதனை, இத்தொழிலுக்கென்றே தனிக் காப்புறுதி என்று விதிகள் வந்தன. வாடகைக்கு ஆள் ஏற்றுவது சாதாரணத் தனியார் கார் காப்புறுதியில் அடங்காது என்பதால் இந்தக் கடைசி விதி மிக முக்கியமானது. ஆனால் விதி இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பயணி என்ன செய்வார்? ஓட்டுநரின் படமும் வண்டி எண்ணும் தெரிகிற அதே திரையில், காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் தெரிய வேண்டாமா? ஓட்டுநர்களுக்கு 2017இல் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025இல் கிக் தொழிலாளர் மசோதாவையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இரண்டையும் மனமார வரவேற்கிறோம். பின்னால் உட்காருகிறவரை நினைத்துப் பார்க்கும் முறையும் வர வேண்டும்.

எந்த ஓட்டுநர்மீது தவறு என்று பயணி முடிவு செய்ய வேண்டியதில்லை. இருவர்மீதும் வழக்குத் தொடுக்கலாம். பொறுப்பை நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கும். இருக்கை வார் போடாமல் இருந்தால் மட்டும் இழப்பீடு குறையக்கூடும். 2009 ஜனவரி 1 முதல் பின்னிருக்கைக்கும் அது கட்டாயம். காயத்திற்கு வழக்குத் தொடுக்கத் தீபகற்பத்தில் ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. உயிரிழப்பு என்றால், இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தினருக்கு மூன்றே ஆண்டுதான்.

இந்த விவரம் தெரியாத குடும்பங்களைத் தேடித்தான் வழக்கறிஞருக்கு வழக்குப் பிடித்துத் தரும் 'ரன்னர்' மருத்துவமனை வார்டு வரை வருகிறார். நம் மொழியிலேயே பேசுவார், பழம் வாங்கி வருவார், "காசே வேண்டாம், கேஸ் ஜெயித்தால் பாதி" என்பார். வெற்றுத் தாளில் கையெழுத்தும் கேட்பார். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுங்கள். சிகிச்சை முடியுமுன் இறுதித் தொகை என்று யார் எதை நீட்டினாலும் கையெழுத்திடாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் பேசி ஏறும் 'பிரேபெட் சாப்பு' கார்களில், முறையான இ-ஹெய்லிங் சேவைக்கு உள்ள பாதுகாப்புகூட இல்லை. சில வெள்ளி மிச்சம் என்று அதில் ஏறினால் பயணப் பதிவும் கிடையாது. காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் வழியுண்டு.

போக்குவரத்து அமைச்சும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டும் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு பயண ரசீதிலும் காப்புறுதி விவரம் அச்சாக வேண்டும். விபத்தில் சிக்கிய பயணி கேட்டால், கணக்கு யார் பெயரில் இருந்தாலும், ஏழு நாளுக்குள் பயண உறுதிக் கடிதம் தரப்பட வேண்டும். வழக்குக் கால வரம்பான ஆறு ஆண்டும் பதிவு அழியாமல் இருக்க வேண்டும். இவற்றை நிறுவனங்களின் உரிமத்தில் நிபந்தனையாகச் சேர்த்தால் போதும். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்.டி.எஸ். ரயில் ஓடத் தொடங்கினால், ஒரு மணி நேரத்தில் ஒரு திசைக்கு 10,000 பேர் வரை செல்லலாம் என்பது திட்டம். அந்த நிலையத்திற்கு வரவும் அங்கிருந்து வீடு போகவும் இன்னும் பல்லாயிரம் பேர் இந்தக் கார்களில்தான் ஏறப் போகிறார்கள். ரயில் ஓடுவதற்குள் இந்த நிபந்தனைகள் நடப்புக்கு வந்தாக வேண்டும்.