கரூஸோவும் எங்கள் பெரியம்மையும்



போன இதழில் நார்த்தங்காய் ஊறுகாயோடு நின்றோம். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். ஒரு சினிமா பார்த்த கதை சொல்லப் போகிறேன். "சினிமாவுக்கும் நம் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். கடைசியில் அது ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

கோடை விடுமுறையில் என் மகள் கம்ப்யூட்டரில் ஒரு பழைய ஆங்கிலப் படம் போட்டாள். 'தி கிரேட் கரூஸோ'. 1951-ல் ஹாலிவுட்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனி எடுத்தது. என்ரிகோ கரூஸோ இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் ஏழை வீட்டில் 1873-ல் பிறந்தவர். இசை நாடகத்தில் பாடிப் பாடி உலகமே கொண்டாடும் நிலைக்கு வந்தார். இசைத்தட்டு புதிதாக வந்த காலத்தில், அதனாலேயே வீட்டுக்கு வீடு குரல் போய்ச் சேர்ந்த முதல் பாடகர்களில் அவர் ஒருவர். படத்தில் கரூஸோவாக மாரியோ லான்ஸா நடித்துப் பாடியிருக்கிறார். பாட்டு ஒவ்வொன்றும் பிரமாதம்! பாஷை புரியாவிட்டால் என்ன, நெஞ்சுக்குள் புகுந்துவிடுகிறது.

பட்டாசலில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம். நான், என் மகள், எண்பத்து நாலு வயதாகும் என் பெரியம்மை, அவர்களுடைய பேரன். பெரியப்பா நாதஸ்வர வித்வான். பேரனும் அதே தொழில்தான். அன்று இரண்டு முகூர்த்தத்துக்கு நடுவில் சாப்பிட வந்தவன், பாட்டுச் சத்தம் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் குடும்பத்துக்குக் குழல் என்றால் உயிர். இருக்காதா பின்னே? சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கிற காருகுறிச்சி எங்களுக்கு எட்டிவிடுகிற தூரம். காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் 1921-ல் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, 1964-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் ஜெமினி கணேசன் வாயில் குழலை வைத்து நடிப்பார். கேட்கிற நாதம் அருணாசலம் அவர்களுடையது. எஸ். ஜானகியின் குரலும் அந்தக் குழலும் 'சிங்கார வேலனே தேவா'வில் ஒன்றை ஒன்று துரத்தும். அதற்கப்புறம் இந்தப் பக்கத்து வித்வான்கள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பாட்டை வாசிக்காமல் இறங்கி வர முடியாது. எங்கள் பெரியப்பாவும் அதை ஆயிரம் தடவை வாசித்திருப்பார்.

படத்துக்கு வருகிறேன். முடிவில் கரூஸோவுக்கு உடம்பு சரியில்லை. ஆனாலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் பாடப் போகிறார். பாடிக்கொண்டே மேடையில் சாய்கிறார். அத்தோடு கதை முடிகிறது. என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேரன்காரன் இரண்டு இருமு இருமிவிட்டுச் சொன்னான்:

"செத்தா இப்படிச் சாவணும் அத்தை. எங்க தாத்தா மாதிரி."

எங்கள் வீட்டுக் கதை அது. 1974-ல் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் அன்று, ரதவீதியில் தேருக்கு முன்னால் வாசித்துக்கொண்டே பெரியப்பா சாய்ந்துவிட்டார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சொல்லும்போதே எல்லோருக்கும் நெஞ்சு நிமிரும்.

பெரியம்மை அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். "பொய்யி" என்றார்கள்.

"எது ஆச்சி பொய்? சினிமாவா?"

"ரெண்டும்தான்."

அப்படியே எழுந்து போய்ப் படுத்துவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மகளை விட்டு, கரூஸோவின் நிஜக் கதையைத் தேடிப் படிக்கச் சொன்னேன். அவள் படிக்கப் படிக்க நான் அதிசயித்துப் போனேன். கரூஸோ மேடையில் சாகவே இல்லை! 1920 டிசம்பர் 11 அன்று புரூக்ளினில் பாடும்போது வாயில் ரத்தம் வந்தது. கூடப் பாடுகிறவர்கள் கைக்குட்டை மாற்றி மாற்றிக் கொடுக்க, துடைத்துத் துடைத்துப் பாடினார். ஒரு அங்கம் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். விலாவில் வலி என்றதற்கு, நரம்பு வலி என்று ஒரு டாக்டர் சொன்னார். அதே மாதம் 24-ம் தேதி மறுபடி பாடினார். அதுதான் அவருடைய கடைசி மேடை. மறுநாள் கிறிஸ்துமஸ் அன்று வலியில் துடித்துவிட்டார். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. பல தடவை அறுத்துச் சீழை எடுத்தார்கள். பென்சிலின் கண்டுபிடிக்காத காலம். கொஞ்சம் தேறினாற்போல் இருந்து, ஊருக்குத் திரும்பி, 1921 ஆகஸ்ட் 2-ம் தேதி நேப்பிள்ஸில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். வயது 48. கைக்குழந்தையோடு எட்டு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவர் மனைவி டோரதி. அவளைப் படத்தில் அழகாகக் காட்டுகிறார்கள். ஆனால் அவள் பட்ட அந்த எட்டு மாதம் படத்தில் கிடையாது.

இன்னொன்றும் கிடையாது. டோரதிக்கு முன்னால் ஆடா ஜியாகெட்டி என்ற பாடகியோடு கரூஸோ பத்து வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினார். அவள் வயிற்றில் இரண்டு பையன்கள். 1908-ல் அவள் பிரிந்து போனாள், வழக்கு வம்பு என்று ஊர் சிரித்தது. படத்தில் ஆடாவும் இல்லை, அந்தப் பிள்ளைகளும் இல்லை. டோரதி எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்த படம், அதனால் இருக்கலாம் என்று நினைத்தேன். என்றாலும், பெற்ற பிள்ளைகளை ஒரேயடியாக அழித்துவிடுவதா?

ராத்திரி பால் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, படித்ததைப் பெரியம்மையிடம் சொன்னேன். கைக்குட்டை விஷயம் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். பேரனும் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான்.

"ஏளா, தேரன்னைக்கு அவியளுக்கும் வாயில ரத்தம்தான் வந்துது. சாயலை. உக்காந்துட்டாவ. துண்டை வச்சுப் பொத்திக்கிட்டு வீட்டுக்குக் கூட்டியாந்தோம். அதுக்கப்புறம் பதினோரு மாசம் புறவாசல் அறையில கிடந்தாவ."

"பதினோரு மாசமா? யாருமே சொல்லலையே பெரியம்மை!"

"எப்படிச் சொல்லுவாவ? ஒங்க அத்தைமாரு ரெண்டு பேரு கல்யாணத்துக்கு நின்னாளுவ. 'அந்த நோய்' உள்ள வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? கச்சேரிக்கு வாங்குன அச்சாரத்தையும் திருப்பிக் கேப்பான். மெட்ராஸ் போயிருக்காவன்னு ஊருக்குச் சொன்னோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு நான் கால்ல விழுந்து சொன்னேன். ஒங்க தாத்தா விடலை. விடியுமுன்ன நாலு மணிக்கு ஆத்துக்குப் போயி, ஆளில்லாத படித்துறையாப் பாத்து அந்தத் துண்டை எல்லாம் கசக்கிட்டு வருவேன். தண்ணி செவப்பாப் போறது இருட்டுல தெரியாது பாத்துக்கோ. அவிய போனப்புறம், தேருல வாசிக்கையில விழுந்த சீக்கு எந்திரிக்கவே இல்லைன்னு சொன்னாவ. அப்புறம் தேருலயே போயிட்டாவன்னு ஆச்சு. நல்லாத்தான் இருந்துது கேக்க. நானும் விட்டுட்டேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிந்த பெரியப்பாவின் கதையில் பெரியம்மைக்கு ஒரு வரிகூடக் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

சகோதரிகளே, ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். கரூஸோவுக்கு மருந்தே இல்லை. எங்கள் பெரியப்பாவுக்கு இருந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தும் காசத்தைக் குணப்படுத்தலாம் என்று 1959-லேயே உலகத்துக்குக் காட்டிவிட்டது. நம் தமிழ்நாட்டில் நடந்த காரியம் அது! பதினைந்து வருஷம் கழித்து, அதே தமிழ்நாட்டில் ஒரு வித்வான் புறவாசல் அறையில் ஒளிந்து கிடந்து செத்திருக்கிறார். நோய் பாதி கொன்றது, மானம் மீதி கொன்றது.

மறுநாள் காலையில் பேரன் வந்து என் பக்கத்தில் நின்றான். "அத்தை, நீங்களும் கூட வாரியளா? எனக்கு இருமல் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. சாயங்காலம் ஆனா மேலு சுடுது. சீவாளி தூசி, கச்சேரி அலைச்சல்னு நினைச்சுக்கிட்டேன்."

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவனையும் அழைத்துக்கொண்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளியைச் சோதித்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய்தான். ஆனால் ஆரம்பம். தினமும் மாத்திரை, ஆறு மாதம், ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள். மருந்து இலவசம். வீட்டில் உள்ள எல்லோரையும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்லிப் பார்த்தார்கள். நல்லவேளை, வேறு யாருக்கும் இல்லை.

டாக்டரம்மா சொன்னதில் நமக்குத் தேவையானதை இங்கே எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்:

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் கஷாயம், மிட்டாய் என்று நாள் கடத்தாமல் சளியைச் சோதித்துவிட வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

இருமும்போது, தும்மும்போது காற்றில்தான் இது பரவுகிறது. தட்டு, டம்ளர், துணியால் அல்ல. ஆகவே நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து மனசை நோகடிக்க வேண்டாம். வாயைத் துணியால் மூடி இருமட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், அது போதும்.

இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதுபோல் இருக்கும். "சரியாப் போச்சே" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

முட்டை, பயறு, கடலை, பால், கீரை என்று சாப்பாடு தாராளமாக இருக்கட்டும்.

இப்போது அவனுக்கு நாலாவது மாதம் நடக்கிறது. எடை கூடியிருக்கிறது. ஆவணி முகூர்த்தம் அத்தனையும் போயிற்று. அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தான். என்ன நோய் என்று கேட்டவர்களிடம் மறைக்காமல் சொன்னான். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும், "தை மாசம் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிக்கணும் தம்பி" என்று சொல்லி, கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார். டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் குழலை எடுக்க வேண்டும். தைக்கு முடியுமா, பார்ப்போம்.

அந்தப் படத்தை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் சந்தோஷமாகப் பாட்டுக் கேட்டோம். வருகிறவர்களுக்கு வாசலைப் பெருக்கிக் கோலம் போடுகிற மாதிரி, சினிமாக்காரர்கள் ஒரு வாழ்க்கையைப் பெருக்கிக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு வியாபாரம். நாம் வீட்டுக்குள் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? "தாத்தா சிங்கம் மாதிரி இருந்தார்" என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது, கால் எடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வந்த சீக்கு பிள்ளைகளுக்குத் தெரிந்தால்தான் அவர்கள் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மலஜலம் எடுத்தவள் யார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மை இருப்பார்கள். இன்னும் பேசுகிற நிலையில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு பெரியம்மை என் மகளைக் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, அந்த வெள்ளைக்காரன் படத்தைப் போடு. நல்லாப் பாடுதான்."

"முழுசுமா ஆச்சி?"

"பாட்டை மட்டும் போடு. சாவுற இடம் வந்தா நிறுத்திரு. அது எனக்குத் தெரியும்."