கூத்துக்குக் களரி இல்லையாம்!

கூத்தாடப் பணமில்லை, பார்க்க ஆளில்லை என்று கரம்பொன்னிலும் அதன் அயலிலும் சொல்லித் திரிகிறார்கள். இரண்டும் பொய். திருவிழா இரவில் மின்விளக்குச் சோடனைக்குப் பணமிருக்கிறது, ஒலிபெருக்கிக்குப் பணமிருக்கிறது, பட்டினத்திலிருந்து வந்திறங்கும் மெல்லிசைக் குழுவுக்கும் பணமிருக்கிறது. கனடாவிலும் இலண்டனிலும் உழைக்கும் நம் மைந்தர் அனுப்பும் காசு அது. அதில் பத்திலொரு பங்காவது வெற்றிலையோடு ஓர் அண்ணாவியாரின் கையில் வைக்கப்படுகிறதா? பார்க்க ஆளில்லை என்போர், மெல்லிசை கேட்க நள்ளிரவு வரை குந்தியிருக்கும் கூட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுகின்றனர்?

கூத்துக்காலம் என்றொன்று நமக்கு இருந்தது. தையில் அறுவடை முடிந்து களம் ஒழிந்தால் அது தொடங்கும். மாதக்கணக்கில் கூத்துப் பழகுவர். பகலில் மண்வெட்டியும் வலையும் பிடித்த கை இரவில் வாள் பிடிக்கும். கட்டியகாரன் வரவில் தொடங்கி மங்களம் பாடி முடியும்போது விடிந்துவிடும். கத்தோலிக்கர் ஞானசவுந்தரியும் தேவசகாயம்பிள்ளையும் ஆட, சைவர் காத்தவராயன் ஆடினர். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து, 1989இல் மறையும் வரை, மயான காண்டத்தில் குடாநாட்டையே அழவைத்தார். இன்றோ, பரிசளிப்புக்கும் நன்றியுரைக்கும் இடையே கூத்துக்கு அரைமணி நேரம். தலைமையுரைக்கு ஒரு மணி!

1956 என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிங்களம் மட்டும் சட்டம். காலிமுகத் திடலில் அடிபட்டோம். அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தைக் கொழும்பில் மேடையேற்றினாரே, அதை எத்தனைபேர் நினைக்கிறோம்? தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்து மேற்குக் கரையோரமாகச் சென்று சிங்களவரிடையே ‘நாடகம’ ஆயிற்று. அம்பலாங்கொடைப் பக்கத்து நாடகம ஆசிரியர் ஒருவரை அழைத்து, அந்த வடிவத்திலேயே தம் இனத்துக்கொரு தேசிய அரங்கைச் சரச்சந்திர கட்டினார். அவரைக் குறைகூற ஏதுமில்லை. நம் வீட்டு விதையை அயலார் நட்டுக் காய் பறித்தனர். நாம் விதை நெல்லையும் குற்றித் தின்றோம்.

தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்த ஊர் கரம்பொன். விழாத்தோறும் அவர் படத்துக்கு மாலையிடுகிறோம். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை வத்திக்கான் நூலகத்தில் தேடிக் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபடி அச்சேற வழிசெய்தவர் அவர். உரோமாபுரிவரை சென்று ஒரு தமிழ் நூலைத் தேடியவரின் ஊரவர், தம் பரணிலிருந்த கூத்துக் கொப்பியைக் கறையானுக்குக் கொடுத்தனர்! 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் தீவகம் வெறிச்சோடியபோது வீடுகளோடு போன கொப்பிகளை யார் எண்ணினார்? பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மன்னாரின் எண்ட்றிக் எம்பரதோரையும் மூவிராசாக்களையும் பதிப்பித்தார். தீவகத்துக் கொப்பிகளைப் பற்றி நாம் ஏன் வாய் திறக்கவில்லை?

காரணம் காசன்று, கௌரவம். ‘கூத்தாடி’ என்ற சொல்லை வசையாக்கியவர் யார்? படித்த வகுப்பாரும் காணி வைத்திருந்தோருமே. மெலிஞ்சிமுனையின் கடற்றொழிலாளர் கைவிடாது காத்த கலையை, நாம் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தோம். திருமறைக் கலாமன்றம் 1965 முதல் அரங்கப்பணி ஆற்றுகிறதே எனலாம். ஆம், மரியசேவியர் அடிகளார் தொடங்கிய அம்மன்றம் பெரும்பணி செய்தது. பட்டினத்தில் ஒரு மன்றம் ஆடினால் ஊர் ஆடியதாகுமா?

தொண்டைமண்டலத்தைப் பாருங்கள். அங்கும் உழவரே, அங்கும் திரைப்படம் உண்டு. ஆயினும் பங்குனி பிறந்தால் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்துக்குக் குழுக்களை அமர்த்துகின்றனர். பல இரவுகள் தொடர்ந்து ஆட்டம். அக்கூலியில்தான் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் போன்றோரின் பரம்பரை நிலைத்தது. ஆய்வாளர் பின்னரே வந்தனர். முதலிற் கூலி கொடுத்தது ஊர்.

ஆகவே கேட்கிறோம். கரம்பொன்னும் நாரந்தனையும் ஊர்காவற்றுறையும் மெலிஞ்சிமுனையும் ஒன்றுகூடி, வரும் பங்குனி முதல் ஆவணி வரை மாதத்துக்கு ஓர் இரவு களரி போடட்டும். அண்ணாவியாருக்குப் பொன்னாடை வேண்டாம்; மாதச் சம்பளம் கொடுங்கள். கோயிற் பையனும் தேவாலயப் பையனும் ஒரே களரியில் பழகட்டும். மருத்துவரும் வழக்கறிஞரும் தலைமையுரையை விட்டுச் செலவுக் கணக்கைப் பொறுப்பேற்கட்டும். எவர் வீட்டிலேனும் பழைய கொப்பி கிடந்தால், படமெடுத்து மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதற்கு இந்தக் கிழமையே ஒருவரை நியமிக்கலாம். பங்குனி வரை காத்திருக்க வேண்டியதில்லை.