பொழுதுபோக்கு என்ற பெயரில் யாருடைய பொழுது போகிறது?

சனி, ஞாயிறு இரண்டு நாள். வைகைக் கரையோரம் வரப்பில் நடை, மலையடிவாரத்தில் கட்டுச்சோறு, மாலையில் கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்து குரோஷா பின்னல், ஒயர் கூடை. பெருநகரத்து ஐடி ஊழியர்களுக்காக இப்படி ஒரு சுற்றுலாத் திட்டத்தை எடுத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தார்கள். பரவை, சமயநல்லூர்ப் பக்கத்துக் காலனிகளில் பெண்கள் குழுக்களோடு நாங்கள் வேலை செய்வது யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. "நல்லாப் பின்னத் தெரிஞ்ச பத்துப் பேரை மட்டும் ஏற்பாடு பண்ணிக் குடுங்க" என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. மாணவத் தோழர்களே, இதே திட்டம் நாளை உங்கள் ஊருக்கும் வரும், உங்களில் சிலரையே வழிகாட்டியாக வேலைக்கும் கூப்பிடும். அதனால்தான் எழுதுகிறோம்.

நாங்கள் இரண்டு கேள்வி கேட்டோம். எந்த வழியாக நடப்பீர்கள்? பின்னிய பொருளுக்கு எந்தக் கணக்கில் காசு கொடுப்பீர்கள்?

முதல் கேள்விக்கு ஒரு வரைபடத்தை விரித்தார்கள். கண்மாய் இருந்தது, ஆலமரம் இருந்தது, கோயில், மந்தை, தென்னந்தோப்பு எல்லாம் இருந்தன. காலனி இல்லை. பின்னப் போகிற பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வருவார்களோ அந்தத் தெரு மட்டும் இல்லை. "அங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு? அவங்க தோப்புக்கு வந்துட்டாப் போதும்" என்றார் ஒருவர். இரண்டாவது கேள்விக்கு வந்த பதில் இது: "ஓய்வு நேரத்துல பண்றதுதானே, ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு வெச்சுக்கலாம்."

எங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பதில். அந்தப் பெண்கள் வாழும் தெரு ஓர் இடமாகக் கணக்கில் வரவில்லை. அவர்கள் செலவழிக்கிற மணிநேரம் நேரமாகக் கணக்கில் வரவில்லை.

நடைப்பயணத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. மதுரையில் அதற்கு ஒரு நல்ல மரபு இருக்கிறது. 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது கிளம்பிய எதிர்ப்பை ஒட்டி எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த 'பசுமை நடை', கீழக்குயில்குடிக்கும் மாங்குளத்துக்கும் அரிட்டாபட்டிக்கும் ஆயிரக்கணக்கான பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப்போனது. சமணர் படுகையையும் தமிழி எழுத்தையும் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் பாறையில் கைவைத்துப் பார்த்தார்கள். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கத்து மக்கள் 2025 ஜனவரியில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள், அந்த மாதமே ஏலம் ரத்தானது. நடையின் பலம் எங்களுக்கும் தெரியும்.

ஆனால் எல்லாக் காலும் எல்லாத் தெருவிலும் நடந்துவிட முடியாத நாடு இது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்தில் ராஜாவூர் என்று ஒரு ஊர். அங்கே ஆதிக்க சாதித் தெரு ஒன்றில் தலித் மக்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். சுமார் அறுபது பேர் செருப்போடு அந்தத் தெருவில் நடந்து அதை உடைத்தது எந்த ஆண்டு தெரியுமா? 2023 டிசம்பர். நம் மாவட்டத்து உத்தபுரத்தில் சுவர் கட்டி வழியை அடைத்திருந்தார்கள். 2008 மே 6 அன்றுதான் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. 1927-இல் அம்பேத்கர் மகாத்தில் மக்களைத் திரட்டி நடந்துபோய்க் குடித்த தண்ணீர் எந்த மலை உச்சியின் சுனையிலும் இல்லை, ஊர் நடுவே இருந்த பொதுக்குளத்தில்தான் இருந்தது. அந்த நடை கொஞ்ச தூரம்தான், அதற்கு அடிதடி நடந்தது.

வெள்ளைக்கார நாட்டில் வயல்வெளி நடை என்றால் ஏதோ ஆதிகாலத்திலிருந்து வந்த உரிமை என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் பொய். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து மேட்டுநிலங்களைப் பிரபுக்கள் வேட்டைக்காக வேலி போட்டு வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மேன் என்ற இளைஞரும் அவரோடு சில நூறு தொழிலாளிகளும் கிண்டர் ஸ்கௌட் என்ற அந்த மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. வாரம் முழுக்க ஆலையிலும் பட்டறையிலும் நின்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை புல்லில் நடக்கக் கேட்ட உரிமை, 2000-இல்தான் முழுசாகச் சட்டத்தில் ஏறியது. ஆக, விடுமுறை நடை என்பதே உழைக்கிறவர்கள் அடி வாங்கி எடுத்த ஒன்று. அதைப் பணம் உள்ளவர்களின் பழக்கம் என்று நாம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

வந்தவர்களின் இரண்டாம் நாள் நிரலில் கீழவளவு பஞ்சபாண்டவர் மலை இருந்தது. நல்ல இடம்தான். சுற்றிலும் கிரானைட் குவாரிக்காரர்கள் தின்றது போக மிஞ்சிய குன்றில் படுகைகளும் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கின்றன. அங்கிருந்து சில கிலோமீட்டரில் மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறுக்காமல், தலைவராக இருந்த முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பேருந்தை மறித்துக் கொன்ற ஊர். நினைவிடம் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய துறவிகளின் கல்படுக்கைக்கு நேரம் ஒதுக்குகிறவர்கள், முப்பது ஆண்டுகூட ஆகாத ஒரு கல்லறைக்குப் பத்து நிமிடம் ஒதுக்க மாட்டார்களா? கேட்டோம். "சுற்றுலாவுக்கு வர்றவங்க மனசு கஷ்டப்படும்" என்றார்கள்.

சரி, பின்னலுக்கு வருவோம். (மதுரை வெயிலில் கம்பளி நூல் பின்னச் சொல்லாதவரை நல்லது. நல்லவேளை, பருத்தி நூல் என்றார்கள்.)

லேஸ், குரோஷா, ஊசிப் பின்னல் எல்லாம் நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் பயிற்சியும் தொடங்கினார். அது குரோஷா இல்லை. தலையணை மாதிரி ஒரு திண்டில் ஊசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முடைவது. அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அதைக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்தது, 1855-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே சில அடிமைப் பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்பது மிஷன் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மிஷனரிகளின் நோக்கம் பற்றி நூறு விமர்சனம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் பின்னியவள் கைக்கே காசு வந்தது, அந்தக் காசை வைத்துக்கொண்டு அவள் ஆண்டையின் வாசலைத் தாண்டி நடந்தாள்.

ஆந்திராவின் நரசாபூர் கதை வேறு. கோதாவரிக் கழிமுகத்தில் அங்கேயும் மிஷனரிகள்தான் குரோஷாவைக் கொண்டுவந்தார்கள். முதலில் கற்றவர்கள் மாலா, மாதிகா சமூகங்களிலிருந்து கிறித்தவரான ஏழைப் பெண்கள். பிறகு காப்பு சாதிப் பெண்களிடம் பரவியது, வியாபாரம் ஆண்கள் கைக்குப் போனது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970-களின் கடைசியில் அங்கே தங்கி ஆய்வு செய்து 1982-இல் வெளியிட்ட புத்தகம், சமூகவியல் மாணவர்கள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று. ஒரு லட்சத்துக்குக் குறையாத பெண்கள் வீட்டுத் திண்ணையில் நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பின்னினார்கள், சரக்கு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. ஒரு நாள் முழுக்கப் பின்னியதற்குக் கிடைத்தது ஒரு ரூபாய்க்கும் கீழே. எப்படி இவ்வளவு குறைவாகக் கொடுக்க முடிந்தது? "வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்ற ஒற்றை வாக்கியத்தால். தோப்பில் எங்களிடம் சொன்ன அதே வாக்கியம்.

அந்த ஆய்வில் எங்களைத் தூங்கவிடாத விஷயம் இன்னொன்று. வயலுக்குப் போன தலித் பெண்களின் கூலி, பின்னிய காப்புப் பெண்களின் வருமானத்தைவிட அதிகம். இருந்தும் வீட்டுப்படி இறங்காதவர்கள், வயலுக்குப் போகிறவர்களைத் தங்களுக்குக் கீழாகவே நினைத்தார்கள். சாதிப் பெருமைக்கு ஆன செலவை அந்தப் பெண்களே தங்கள் கூலியிலிருந்து கட்டினார்கள், லாபம் ஏற்றுமதிக்காரருக்குப் போனது. 2024-இல் நரசாபூர் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஊர்ப் பெயருக்குப் பாதுகாப்பு வந்திருக்கிறது, நல்லது. எங்கள் மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே வந்தது. சுங்குடியில் கட்டுப் போடுகிற பெண்களிடம் போய்க் கேளுங்கள், குறியீட்டால் கட்டுக்கு எத்தனை பைசா ஏறியது என்று.

ஏன் தூக்கம் போகிறது என்றால், அந்தப் பெருமை இப்போது நம் தெருவுக்குள் வந்துகொண்டிருக்கிறது. காலனியில் கூட்டம் போட்டபோது இந்தத் திட்டத்துக்கு முதலில் கைதூக்கியவர்கள் பெண்கள் இல்லை, அப்பாக்கள். "பிள்ளை மில்லுக்குப் போக வேண்டாம், பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டாம், வீட்டோட பின்னிக்கிட்டுக் கிடக்கட்டும். கௌரவமா இருக்கும்." ஆதிக்க சாதிக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண்களைப் பூட்டி வைத்ததைப் பார்த்து, பூட்டுதான் கௌரவம் என்று நாமும் நம்பத் தொடங்கினால் அம்பேத்கர் படத்தை மாட்டி என்ன பயன்? நம் பாட்டிகள் களையெடுக்கப் போனார்கள், அம்மாக்கள் பரவைக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தரம் பிரிக்கப் போனார்கள். வறுமைதான் துரத்தியது, மறுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் தெருவில் நடந்தார்கள், கூலிக்குச் சண்டை போட்டார்கள். பின்னல் ஊசியைக் கையில் கொடுத்துக் காலைக் கட்டுகிற ஏற்பாட்டுக்கு நாங்கள் துணை போக மாட்டோம் என்று அன்றே சொன்னோம். ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

பெண்களின் பேச்சு வேறாக இருந்தது. "பேரூராட்சியில நூறு நாள் வேலையும் கிடையாது. கிடைக்கிறதக் கெடுத்துறாதீங்க" என்றார் ஒரு மதினி. அதில் நியாயம் இருக்கிறது. அந்த வேலை கிராம ஊராட்சிக்குத்தான். கூப்பிடு தூரத்தில் ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறவர்களுக்கு 2025-26-க்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய், பரவைக்காரிக்கு அதுவும் இல்லை. எனவே போகாதே என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. கணக்கு மட்டும் போட்டோம். ஒரு சின்னக் குரோஷாப் பைக்கு நான்கு மத்தியானம் போகிறது. அடுப்பு, தண்ணீர், பிள்ளை எல்லாம் முடித்து மிஞ்சுகிற மத்தியானம். அதை மணிநேரமாக மாற்றி, 336 ரூபாய் நாள்கூலியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது, அவர்கள் சொன்ன பீஸ் ரேட் பாதிக்கும் கீழே நின்றது. குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த மதினிதான் முதலில் சொன்னார்: "அப்போ மணிக்கணக்குல கேப்போம்."

பீஸ் ரேட் கூடாது, உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி, கற்றுக்கொடுப்பதற்குத் தனிச் சம்பளம், காசு பெண்ணின் கணக்கில் நேராக. நடை காலனி வழியாகப் போக வேண்டும், வருகிறவர்கள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். வழிகாட்டியாக நம் பிள்ளைகளே போக வேண்டும், பெண் பிள்ளைகளும். இவ்வளவுதான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வழியை மாற்றச் சம்மதித்துவிட்டார்கள், கூலிக்கு இன்னும் பதில் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களையும் தொழிலாளியாக மதிக்கச் சொல்லும் 177-ஆவது சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை 1996-இல் வந்தது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சட்டமே கைவிட்ட இடத்தில் பத்துப் பெண்கள் பேரம் பேசுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இடையில் இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளை, செல்போனில் பார்த்துப் பார்த்துக் குரோஷாவில் ஒரு சிவப்புத் தொப்பி பின்னுகிறாள். விற்க இல்லையாம், யாருக்கும் கொடுக்கவும் இல்லையாம். "நூலுக்குக் காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று அவள் அம்மா திட்டுகிறார். நாங்கள் அந்தப் பிள்ளை பக்கம். மற்றவர்களுக்கு ஹாபி, நமக்கு மட்டும் எதை எடுத்தாலும் பிழைப்பா? ஒன்றுக்கும் உதவாத ஒரு தொப்பியைப் பின்னிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மத்தியானம் அவளுக்கும் வேண்டும்.

வருகிற ஜூன் 30 அன்று கீழவளவு மலையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மேலவளவு நினைவிடம்வரை நடக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மேலூர்ப் பக்கம் கக்கன் பிறந்த தும்பைப்பட்டியும் இருக்கிறது, நேரம் இருந்தால் அங்கேயும் நிற்கலாம். கட்டணம் கிடையாது, சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவோம். பாறை சுடும், முள் கிடக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள்.