வேப்ப மருந்தும் மருந்துதான்: பல்லாவரம் மாடித்தோட்டக்காரர்களின் நிலைப்பாடு

வெள்ளிக்கிழமைச் சந்தையில் கத்தரி, மிளகாய், செம்பருத்தி என்று வாங்கி வந்து மொட்டைமாடியில் வளர்க்கும் எங்கள் சங்கத்தாருக்குள் வெகுநாளாக ஒரு வழக்கு ஓடுகிறது. ஒரு தரப்பு, வேம்பு நம் மரம், எவ்வளவு அடித்தாலும் கெடுதல் வராது என்கிறது. மறுதரப்பு, அடித்துப் பார்த்தோம், ஒரு மாவுப்பூச்சிகூடச் சாகவில்லை, இதெல்லாம் பாட்டி காலத்து நம்பிக்கை என்கிறது. இரண்டையும் சங்கம் ஏற்கவில்லை. வேம்பில் இருப்பது உண்மையான பூச்சிக்கொல்லி. அதை அளவு பார்த்து, லேபிள் பார்த்து, நேரம் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது வேப்பமரம் மட்டும் தப்பி நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கவனித்தார். 1962இல் டெல்லிப் பக்கம் வெட்டுக்கிளி வந்தபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் எஸ். பிரதானும் அவர் குழுவும் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்துப் பயிரைக் காப்பாற்றிக் காட்டினார்கள். பூச்சிகள் வந்து உட்கார்ந்தன, தின்னவில்லை. 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த அசாடிராக்டின்தான் இதன் முக்கியக் காரணி. அதை ஆய்வகத்தில் செய்து முடிக்க கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன. 2007இல்தான் முடிந்தது. நம் தெருமுனை மரமோ ஆனி, ஆடியில் அதைத் தரையெல்லாம் கொட்டி வைக்கிறது, நாம் பெருக்கித் தள்ளுகிறோம்.

பூச்சி சாகவில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அசாடிராக்டின் அடித்த உடனே கொல்லும் நஞ்சு இல்லை. புழுவைத் தின்னவிடாமல் செய்யும், தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனைக் கெடுக்கும். புழு அடுத்த தோலை உரிக்க மாட்டாமல் சில நாள் கழித்துச் சாகும். எண்ணெயின் வேலை வேறு. மாவுப்பூச்சி, அசுவினி மேல் படலமாகப் படிந்து மூச்சை அடைக்கும், அதனால் பூச்சியின் மேல் பட்டால்தான் பலன். இலையின் மேற்புறம் மட்டும் நனைத்துவிட்டு, மறுநாள் காலையே மாடிக்குப் போய்த் தீர்ப்புச் சொன்னால் வேம்பு தோற்றுத்தான் போகும். போதாக்குறைக்கு வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும். சித்திரை மாதம் காலை பத்து மணிக்கு நம் மொட்டைமாடியில் வேப்பெண்ணெய் அடிப்பது காசையும் கெடுக்கும், இலையையும் கருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். வாரம் கழித்து மறுபடி அடியுங்கள்.

எதை அடிப்பது என்பதில்தான் பெரிய குழப்பம். பூஜைக் கடையில் விளக்கேற்ற விற்கும் எண்ணெய், செக்கில் ஆட்டிய எண்ணெய், பதிவுபெற்ற வேப்ப மருந்து மூன்றும் ஒன்றில்லை. விளக்கு எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை, அதைச் செடிக்கு அடிக்க வேண்டாம். செக்கு எண்ணெயில் அசாடிராக்டின் அளவு கொட்டைக்குக் கொட்டை மாறும். பதிவுபெற்ற மருந்தில் 300, 1500, 10000 பிபிஎம் என்று அளவு அச்சிட்டிருக்கும், பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு வேம்பும் விலக்கில்லை. ‘இயற்கை’ என்று மட்டும் எழுதி, வேறு எதுவும் எழுதாத பாட்டிலை எங்கள் உறுப்பினர்கள் வாங்குவதில்லை, மற்றவர்களும் வாங்க வேண்டாம். வேப்பிலையைக் கொதிக்கவைத்துத் தெளிப்பவர்களிடம் சொல்ல ஒன்று உண்டு: சரக்கு அதிகம் இருப்பது கொட்டைப் பருப்பில்தான், இலையில் இருக்கும் கொஞ்சமும் கொதிக்கவைத்தால் கெடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் 5 சதவீதக் கரைசல்தான் வீட்டுக்குச் சரி. 50 கிராம் பருப்பை இடித்துக் கொஞ்சம் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, துளி காதி சோப்புக் கரைத்து அன்றே அடிக்க வேண்டும்.

கெடுதலே இல்லை என்ற தரப்புக்கும் பதில் உண்டு. மலேசியாவில் இந்தியக் குடும்பங்களின் கைக்குழந்தைகள் வேப்பெண்ணெய் புகட்டப்பட்டு வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு வரை போனதை 1981இல் சின்னையா, பாஸ்கரன் என்ற மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். சளிக்கும் வயிற்றுக்கும் என்று அன்போடு ஊற்றிய எண்ணெய்தான் அது. ஆகவே தெளிப்பு எண்ணெய் சமையலறையில் இருக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. மீனுக்கும் இது ஆகாது. மிஞ்சிய கரைசலைப் பல்லாவரம் பெரிய ஏரிக்குப் போகும் கால்வாயில் கொட்டாமல் மண்ணில் ஊற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் கீரைக்கும் கத்தரிக்கும் வேம்பே நல்ல தேர்வு என்கிறோம். காய்கறியில் அடிக்கக் கூடாதென்று அரசே தடுத்த மோனோகுரோட்டோபாஸ் என்ற ரசாயனப் பூச்சிக்கொல்லியைக் கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேம்பு என்றதும் மேடைகளில், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இருக்கும் மியூனிக்கில் கிடைத்த வெற்றியைப் பேசுகிறோம். அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் வாங்கிய ஐரோப்பியக் காப்புரிமை 2000 மே மாதம் ரத்தானது, 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அது பூச்சிக்கு இல்லை, பூஞ்சைக்கான காப்புரிமை என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. காப்புரிமையை எதிர்த்த வந்தனா சிவா தரப்பின் வாதத்துக்குப் பலம் கொடுத்தது, அபய் ஃபட்கே என்பவர் முன்பே வேப்பச் சாறு எடுத்து வயலில் சோதித்திருந்த பதிவு. என்ன அளவு, எந்தப் பயிர், என்ன பலன் என்று எழுதி வைத்ததால் ஜெயித்தோம். மாடித்தோட்டத்திலும் அப்படி ஒரு நோட்டுப் போடும்படி உறுப்பினர்களைக் கேட்டிருக்கிறோம்.

கடைசியாக மரம். சில ஆண்டுகளாகத் தமிழகம் எங்கும் வேப்பமரங்கள் கிளை நுனியிலிருந்து கருகுகின்றன. தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சியும் ஃபோமோப்சிஸ் பூஞ்சையும் காரணம். (வேம்பு எல்லாப் பூச்சிக்கும் எமன் என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.) கருகிய மரங்கள் பல மழைக்குப் பின் துளிர்க்கின்றன. ஆகையால் ஒரு வடகிழக்குப் பருவமழை கடக்கும் வரை, துறை அலுவலர் பார்க்காமல், கருகியது என்ற ஒரே காரணத்துக்காக எந்த வேப்பமரத்தையும் வெட்டக் கூடாது என்று தாம்பரம் மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறோம். உதிர்ந்த பழங்களைக் குப்பை வண்டியில் ஏற்றும் முன் பொறுக்கிக்கொள்ள குடியிருப்போர்க்கு விடவேண்டும். பழத்தின் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி, சணல் சாக்கில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பாலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். அடுக்குமாடிகளில் உலர்த்த நிழல் இல்லை. வார்டுக்கு ஒரு கூரையிட்ட திண்ணை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, போதும்.