தாழ்ந்த குரலில் ஒரு நட்சத்திரம்

நாமக்கல் ஆஞ்சநேயர் திருக்கோயிலில் ஒரு சனிக்கிழமைக் காலை. கூரையில்லாத சந்நிதியில் வானமே விதானமாக, எதிரே குடைவரையில் எழுந்தருளியிருக்கும் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார் 18 அடி உயர அனுமன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட அர்ச்சகர் வழக்கம்போல் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். வரிசையில் நின்ற ஒரு தந்தை தம் மகளின் பெயரை உரக்கச் சொல்கிறார். நட்சத்திரத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்கிறது.

"மூலம், தனுசு ராசி."

மகளுக்கு வயது 29. வரன் தேடத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. பத்துப் பொருத்தங்களில் எட்டு அமைந்த ஜாதகங்கள்கூட, 'பெண் மூலம் மாமனாருக்கு ஆகாது' என்ற ஒரே சொல்லோடு திரும்பி வந்திருக்கின்றன. தினம், கணம், மகேந்திரம் எனத் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை எண்ணப்படும் அந்தப் பத்தில் 'மாமனார் பொருத்தம்' என்று ஒன்று கிடையாது. ஆயினும் பத்தையும் தள்ளிவிடும் வலிமை அதற்கு வாய்த்திருக்கிறது.

மூலம் தனித்து நிற்பதும் இல்லை. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை கணவனின் மூத்த சகோதரனுக்கு ஆகாது. விசாகம் இளைய சகோதரனுக்கு ஆகாது. 'பூராடம் கழுத்தில் நூலாடாது.' இவற்றுள் கடைசி வாக்குக்கு எதுகையைத் தவிர வேறு ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை. விசாகம், அனுஷம், கேட்டை, மூலம், பூராடம் என்று அடுத்தடுத்து வரும் ஐந்து நாள்களில் பெண் குழந்தை பிறக்கத் தக்கது அனுஷம் ஒன்றே என்றாகிறது! 27 நட்சத்திரங்களில் ஐந்தை ஒதுக்கிவிட்டால், ஏறத்தாழ ஐந்து பெண்களில் ஒருத்தி பிறந்த கணத்திலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறாள்.

சாஸ்திரம் உண்மையில் என்ன சொல்கிறது? முகூர்த்த நூல்களுள் பெரிதும் மதிக்கப்படுவது, காசியில் வாழ்ந்த இராம தைவக்ஞர் 1600-ஆம் ஆண்டில் இயற்றிய 'முகூர்த்த சிந்தாமணி.' அதன் விவாகப் பகுதியில் இந்தத் தோஷங்கள் பேசப்படுவது மெய்யே. ஆனால் மூலத்தையும் ஆயில்யத்தையும் கூறுமிடத்தில் அந்நூல் பெண்ணை மட்டும் குறிக்கவில்லை. அந்நட்சத்திரங்களில் பிறந்த பெண், ஆண் இருவரையும் சேர்த்தே கூறுகிறது. மணமகன் மூலத்தில் பிறந்திருந்தால் பெண்ணின் தகப்பனார் அஞ்ச வேண்டும் என்பதே அதன் பொருள். எந்தப் பெண்ணின் தகப்பனாராவது அப்படி அஞ்சி ஒரு வரனைத் திருப்பி அனுப்பியதுண்டா? 'ஆண் மூலம் அரசாளும்' என்று மகிழ்ந்து தாம்பூலம் மாற்றிக்கொள்வதல்லவா வழக்கம்!

அதே நூல் அடுத்த அடியெடுப்பிலேயே விலக்குகளையும் தந்துவிடுகிறது. மூலத்தின் நான்காம் பாதமும், ஆயில்யத்தின் முதற்பாதமும் நன்மையே தரும். விசாகத்தின் முதல் மூன்று பாதங்களில் பிறந்தவள் கணவனின் தம்பிக்கு இன்பமே தருவாள் என்கிறது. அதாவது, துலா ராசியில் அமைந்த விசாகம் முழுவதுக்கும் தோஷம் இல்லை. குழந்தை பிறந்தபோதே செய்ய வேண்டிய நட்சத்திர சாந்தியும் மரபில் உண்டு. நோயைச் சொன்ன நூல் மருந்தையும் சொல்லியிருக்கிறது. ஊர் வாய்க்கு வந்து சேர்ந்ததோ நோய் மட்டுமே.

பழமொழியின் பாடத்திலேயே ஐயம் எழுப்பும் பெரியோரும் உண்டு. 'ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்' என்பதே 'ஆண், பெண்' என்று திரிந்தது என்பர். ஆனி மாதத்தில் சூரியன் மிதுனத்தில் நின்று, ஏழாம் பார்வையாகத் தனுசில் உள்ள மூலத்தைப் பார்க்கிறான். ஆகவே அரச யோகம் என்பது அவர்கள் தரும் விளக்கம். பாட பேதம் எதுவாயினும், ஒரு பழமொழியை நம்பி ஒரு பெண்ணின் வாழ்வை நிறுத்தி வைப்பது எவ்வகையிலும் தகாது.

ஆயில்யத்துக்கு இராமாயணத்திலேயே சாட்சி இருக்கிறது. இலக்குவனும் சத்ருக்னனும் ஆயில்யத்தில் அவதரித்தவர்கள் என்கிறார் வால்மீகி. இலக்குவனுக்கு ஊர்மிளையைக் கன்னிகாதானம் செய்த ஜனகர், தம் பத்தினியை எண்ணித் தயங்கியதாக எங்கும் இல்லை. நவராத்திரியில் கலைமகளை வீட்டுக்கு எழுந்தருளச் செய்ய வேண்டிய நாள் மூலம். அந்நாளில் புத்தகங்களை அடுக்கி, 'தாயே, வருக' என்று வாசலைத் திறந்து வைக்கும் இல்லங்கள், அதே நட்சத்திரத்தில் பிறந்த பெண்ணுக்கு வாசலை அடைப்பது விந்தையிலும் விந்தை.

மணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் இதை நம்புகிறார்களா? சென்ற ஆண்டு அந்தப் பெண்ணுக்கு ஒரு வரன் கைகூடும் நிலைக்கு வந்தது. இருவரும் பேசினார்கள், இருவருக்கும் பிடித்திருந்தது. அவள் நேரடியாகவே கேட்டாள்: "நீங்கள் இதை நம்புகிறீர்களா?"

"நான் நம்பவில்லை. ஆனால் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், அம்மா உங்களைத்தான் பார்ப்பார்கள்" என்றான் அவன்.

அந்த விடையைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட இயலாது. அவன் அஞ்சியது நட்சத்திரத்துக்கு அன்று; தாயின் பார்வைக்கு. முதுமையில் நோய் வருவது இயல்பு. ஆனால் மூலத்து மருமகள் உள்ள வீட்டில் மாமனாருக்கு இருமல் கண்டாலும் அதற்கு அவள் பொறுப்பாகிறாள். வாய்விட்டு யாரும் சொல்லாவிடினும், சொல்லாத அச்சொல் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டே இருக்கும். 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று சொல்லும் இளைஞர் பலரும், அந்தச் சொல்லுக்கும் மனைவிக்கும் நடுவே நிற்கத் தாங்கள் ஆயத்தமா என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தரகர்களோ எளிய வழி கண்டுவிட்டார்கள்: தந்தையை இழந்த பிள்ளையாகப் பார்த்துவிட்டால் தோஷமில்லையாம். பிறர் வீட்டுத் துயரத்தைத் தேடிப் போய்ச் சம்பந்தம் பேசுவதையும் பரிகாரம் என்று சொல்லக் கூசாத காலம் இது.

இத்தனை பேச்சிலும் கேட்கப்படாத ஒருவர் உண்டு. எவருடைய உயிருக்கு ஆபத்து என்று சொல்லப்படுகிறதோ, அந்த மாமனார்.

நாமக்கல்லுக்கு வந்த அந்தத் தந்தை ஒரு வாரத்துக்கு முன்புதான் அப்படிப்பட்ட ஒருவரோடு தொலைபேசியில் பேசியிருந்தார். கரூரிலிருந்து வந்த சம்பந்தம் அது. ஜாதகம் அனுப்புவதற்கு முன்பே, பின்னால் மனக்கசப்பு வேண்டாம் என்று நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டார். மறுமுனையில் பிள்ளையைப் பெற்றவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்.

"என் ஆயுள் என் ஜாதகத்தில்தானே இருக்கும், சம்பந்தி? உங்கள் மகள் ஜாதகத்தில் அதை ஏன் தேட வேண்டும்? வெள்ளிக்கிழமை வருகிறோம்."

சோதிட விதிப்படியும் அது பிழையற்ற வாதம். ஒருவரின் ஆயுளை அவரவர் ஜாதகத்தின் எட்டாம் இடத்தைக் கொண்டே கணிப்பார்கள். ஆனால் அந்தத் தந்தையின் நெஞ்சில் நின்றது வாதம் அன்று. பேச்சு முடிவதற்குள் வந்துவிட்ட 'சம்பந்தி' என்ற ஒரு சொல். அதற்கு நன்றி சொல்லத்தான் வடைமாலையோடு வந்திருந்தார். நான்கு ஆண்டுப் பழக்கம், இங்கும் குரல் தாழ்ந்துவிட்டது.

அர்ச்சகருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலும். "என்ன நட்சத்திரம் சொன்னீர்கள்?" என்று மீண்டும் கேட்டார். இம்முறை சற்று உரக்கவே சொன்னார் அவர்.

"மூலமா? சுவாமி நட்சத்திரமாயிற்றே!" என்றபடி அர்ச்சகர் திரும்பினார். பெண்ணின் பெயரும், மூல நட்சத்திரமும், தனுர் ராசியும் சங்கல்பத்தில் கணீரென்று ஒலித்தன. மார்கழி மூலத்தில் அவதரித்த மாருதியின் திருவடிகளில் துளசி விழுந்துகொண்டிருந்தது.